கதவு எண் இல்லாதவர் கணக்கில் இல்லாதவரா?

அதியமான் ஆண்ட தகடூர் இது, நெல்லிக்கனி தந்த நிலம் இது என்று மேடைதோறும் முழங்குகிறோம். கூட்டம் முடிந்ததும், தருமபுரிப் பேருந்து நிலையத்திலே கோணியே பாயாக, கையே தலையணையாகப் படுத்திருப்போரைக் கடந்துதான் வீடு திரும்புகிறோம்!

யார் இவர்கள்? மகன் கைவிட்ட மூதாட்டி. பெங்களூருக்குக் கூலி தேடிச் சென்று நோயோடு திரும்பிய தொழிலாளி. சித்தம் கலங்கி ஊர் மறந்தவர். 2011 மக்கள்தொகைக் கணக்கு, வீடற்றோர் நாடெங்கும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்று எண்ணிச் சொன்னது. எண்ணினார்கள், ஏந்திக்கொண்டார்களா?

சோற்றுப் பொட்டலம் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்பார் உண்டு. பொட்டலம் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். மறுவேளைக்கு? உரிமை ஏட்டிலே இருக்கிறது, தோழர்களே! ஏட்டுக்கும் ஏழைக்கும் நடுவே வழிகாட்டத்தான் ஆளில்லை. அந்த ஆள் நாமாக வேண்டும்.

பிச்சையெடுப்போரைப் பிடித்து அடைக்கச் சட்டம் செய்தது 1945-ன் சென்னை மாகாணம். 2017-ல் வந்த மனநலச் சட்டமோ, மனநோயோடு தெருவில் திரிவோரைக் காப்பது காவல் நிலையத்தின் கடமை என்கிறது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் அடைக்கக்கூடாது என்கிறது. இதைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்வோம்.

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளையிடம் ஜீவனாம்சம் கேட்க 2007-ன் சட்டம் இடம் தருகிறது. கோட்டாட்சியரிடம் மனு எழுதித் தருவோம். முதியோர்க்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 — இந்த எண்களை மனப்பாடம் செய்வோம். நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத்தில் ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும் என்றது 2013-ல் வகுத்த திட்டம். நகராட்சியில் கேட்போம்: இடம் உண்டென்றால் அழைத்துச் செல்வோம், இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்போம்!

வாக்காளர் பட்டியலைத் தெருத்தெருவாக அறிந்தவர்கள் நாம். வீடற்றவருக்கும் அதிலே இடமுண்டு. முகவரிச் சான்று இல்லையென்று தள்ள முடியாது. அலுவலர் இரவிலே சென்று, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று கண்டால் போதும், அதுவே முகவரி!

பட்டியலில் பெயர் ஏறினால் குரல் ஏறும்; குரல் ஏறினால் கோட்டையின் காது திறக்கும். ஆகவே, வார்டுக்கு இரண்டு தோழர்கள், வாரத்துக்கு ஓர் இரவு. கையிலே கொடி வேண்டாம். மனு எழுத ஒரு பேனா போதும். பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கேட்டு, விடிந்ததும் கூடவே நடந்து அலுவலகப் படியேற்றுங்கள். தனியாகப் போனால் விரட்டப்படுபவர், உங்களோடு போனால் மனுதாரர்!