நேர்முகத் தேர்வு: அறைக்கு அறை மாறும் அளவுகோல்

எழுத்துத் தேர்வில் சிறந்து விளங்கிய இளைஞர்கள் சிலர் நேர்முகத் தேர்வில் பின்தங்கிவிடுகின்றனர். எல்லா நேர்முகத் தேர்வுகளுக்கும் ஒரே விதமாக ஆயத்தமாவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எழுத்துத் தேர்வு காட்டாத ஒன்றையே தேர்வுக் குழு நேரில் காண விரும்புகிறது. அது எது என அறிவதே தயாரிப்பின் முதற்படி.

வங்கிப் பணி

பொதுத்துறை வங்கி அதிகாரிகளுக்காக ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வில், இறுதித் தரவரிசைக்கு முதன்மைத் தேர்வும் நேர்முகமும் 80:20 என்ற விகிதத்தில் கணக்கிடப்படுகின்றன. பொறியியல் படித்தவரிடம், "வங்கிக்கு ஏன் வருகிறீர்கள்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு உங்கள் சொந்த விடை வேண்டும். ரெப்போ விகிதம், வாராக்கடன், உழவர் கடன் அட்டை ஆகியவற்றை வீட்டுப் பெரியவருக்குப் புரியும்படி எடுத்துரைத்துப் பழகுங்கள். வாடிக்கையாளரிடம் நாளை பேசவேண்டிய மொழி அதுவே.

குடிமைப் பணி

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண்கள், மொத்தம் 2025. விரிவான விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கு வித்து. பொழுதுபோக்கு தோட்டக்கலை என்று எழுதினால், மண்ணையும் பருவத்தையும் அறிந்திருக்க வேண்டும். சொந்த மாவட்டத்தின் பயிர், நீர்நிலை, தொழில் ஆகியவற்றையும் அறிந்து செல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று பணிவுடன் ஒப்புக்கொள்வது குறையாகாது.

பாதுகாப்புப் படை

படை அதிகாரிகளுக்கான தேர்வு ஐந்து நாள் நீளும். ஒரு சொல்லுக்கு 15 நொடி வீதம் 60 சொற்கள். 30 நிமிடங்களில் 60 சூழல்கள். உளவியலாளர், குழுப்பணி அலுவலர், நேர்காணல் அலுவலர் ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, இறுதி நாளில் ஒன்றுகூடி முடிவு செய்கின்றனர். மனப்பாடம் செய்த விடை ஓரிடத்தில் பொருந்தினாலும் மற்றோரிடத்தில் முரண்படும். உடற்பயிற்சியையும் கூட்டுப்பணியையும் முன்கூட்டியே பழக்கமாக்கிக் கொள்வதே வழி.

தனியார் நிறுவனம்

தொழில்நுட்ப நேர்முகத்தில் விடையுடன், அதை எட்டிய சிந்தனையையும் கவனிப்பார்கள். ஆகவே படிப்படியாக விளக்கியவாறு தீர்வு காணுங்கள். காணொளி வழித் தேர்வெனில் இணையம், ஒலி, வெளிச்சம் ஆகியவற்றை முந்தைய நாளே சோதித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை

மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை நீக்கும் முடிவு 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய பணிக்கு "நேர்முகத்தில் தேர்ச்சி பெறச் செய்கிறேன்" என்று பணம் கேட்பவர் மோசடிக்காரரே. நேர்முகத்துக்கெனத் தனியே பதிவுக் கட்டணமோ முன்வைப்புத் தொகையோ கேட்கும் அழைப்பையும் நம்பாதீர்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எவரிடமும் பகிராதீர்கள். பெற்றோரின் சேமிப்பு உங்கள் படிப்புக்குத் துணைநின்றது; இடைத்தரகர் கையில் அது கரைந்துவிடக் கூடாது.