கடல் கடந்தும் தொடரும் கோயில் வழி

பிள்ளைகளைக் காணச் சிங்கப்பூர் செல்லும் பெரியோர் அறிந்திருக்க வேண்டியவை

மேற்கே மலை முகடுகளில் மேகம் விலகும் வேளையில் போடிநாயக்கனூர் கண்விழிக்கிறது. ஊரின் மூத்தோர் பலருக்கு நீராடி, நீறு பூசி, சுப்பிரமணிய சுவாமி சந்நிதிக்குச் சென்று திரும்பிய பின்னரே காலைச் சிற்றுண்டி. பிரதோஷ நாளில் பரமசிவன் மலைக்கோயிலுக்குப் படியேறுவோரும் உண்டு. ஏலத் தோட்டங்களையும் ஏலக்காய் வணிகத்தையும் நம்பி வளர்ந்த இவ்வூரின் இளைய தலைமுறை, இன்று கணினிப் பணி, பொறியியல் பணி என்று கடல் கடந்து குடியேறி வருகிறது. பேரக்குழந்தை பிறந்ததும் பெற்றோருக்கு அழைப்பு வருகிறது: "அப்பா, அம்மா, சிங்கப்பூர் வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போங்கள்."

முதல் வாரம் மகிழ்ச்சியாகக் கழியும். இரண்டாவது வாரத்தில் மனம் சோரத் தொடங்கும். மகனும் மருமகளும் காலையில் பணிக்குச் சென்றால் திரும்ப இரவாகிறது. அடுக்குமாடி வீட்டின் சன்னல் வழியே தெரிவதெல்லாம் அதேபோன்ற இன்னோர் அடுக்குமாடி. கோயில் என்பது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அழைத்துச் சென்றால் உண்டு, இல்லையேல் இல்லை. "எப்போது ஊருக்குப் போவோம்?" என்று நாட்காட்டியைப் பார்க்கும் நிலை வந்துவிடுகிறது.

இந்த ஏக்கத்துக்கு மருந்து, யார் துணையுமின்றித் தாமே கோயிலுக்குச் சென்று திரும்பும் துணிவு. சிங்கப்பூரில் அது எளிது. சில செய்திகளை முன்னரே அறிந்திருந்தால் போதும்.

பெட்டி கட்டும் முன்

போடியிலிருந்து செல்வோர் மறவாமல் எடுத்துவைப்பது ஏலக்காய். வீட்டு உபயோகத்துக்கு அளவாகக் கொண்டுசெல்வதில் சிக்கல் ஏதுமில்லை. அதே பையில் குருமாவுக்கென்று ஒரு பொட்டலம் கசகசா இருந்தால்தான் ஆபத்து. சிங்கப்பூரில் கசகசா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தோடு தொடர்புடைய தடைப்பொருள். அறியாமல் கொண்டுவந்தேன் என்பது அங்கே எளிதில் எடுபடாது. மசாலாப் பொடிகளில் கசகசா அரைத்துச் சேர்க்கும் வழக்கம் உள்ளவர்கள் அந்தப் பொடியையும் தவிர்ப்பது நலம்.

வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் புகையிலையை ஊரிலேயே விட்டுச் செல்ல வேண்டும். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை உண்டு. 1992 முதல் சூயிங்கம் கொண்டுவரவும் தடை இருக்கிறது. கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரை ஆகியவை தீப்பற்றக்கூடியவை என்பதால் விமானத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. இவை சிராங்கூன் சாலைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். நெய்யும் தீர்த்தமும் திரவக் கணக்கில் சேரும். கைப்பையில் வைக்காமல், கசியாதபடி கட்டிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். விபூதியையும் குங்குமத்தையும் தாளில் மடித்துக் கொண்டுபோவதைவிடப் பெயர் அச்சிட்ட உறையோடு கொண்டுபோவது வீண் கேள்விகளைத் தவிர்க்கும்.

மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சொந்த உபயோகத்துக்கு 3 மாதத்துக்கு மேற்படாத அளவு மருந்து கொண்டுசெல்லலாம். தூக்க மாத்திரை, கடுமையான வலிநிவாரணி போன்ற சிலவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையிடம் முன்அனுமதி பெற வேண்டியிருக்கும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டி வைக்காமல் அட்டையோடும், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடும் வைத்திருக்க வேண்டும்.

பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறுவது பெரும் பிழை. அங்கே அரசு மருத்துவமனையிலும் கட்டணச் சலுகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஓரிரு நாள் சேர்க்கை கூட, பிள்ளைகளின் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும். இரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற பழைய நோய்களைக் காப்பீட்டில் மறைக்காமல் குறிப்பிட்டு, அவற்றுக்கும் பொறுப்பேற்கும் திட்டமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

புறப்பாடும் வருகையும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம். நெடுந்தூரம் நடக்க இயலாதவர்கள் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். விசா பெற்றிருந்தாலும், சென்று சேரும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்னும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்புவது கட்டாயம். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

முன்போல் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. பெரும்பாலும் அது பிள்ளைகளின் கைப்பேசியில் கிடக்கும். இறுதித் தேதியைக் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அனுமதித்த நாளுக்கு மேல் தங்குவது அங்கே குற்றம்.

ஆறு இலக்கங்கள்

போடியில் வழி தவறினால், கோயில் பெயரையோ தெருப் பெயரையோ சொன்னால் யாரும் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவர். சிங்கப்பூரில் ஒரே சாயலில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள். ஆயினும் ஒரு வசதி உண்டு: அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியே 6 இலக்க அஞ்சல் எண் இருக்கிறது. அந்த எண்ணை வாடகைக் கார் ஓட்டுநரிடம் சொன்னால் கட்டடத்தின் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

அஞ்சல் எண், கட்டட எண், மாடியோடு சேர்ந்த வீட்டு எண், மகன் அல்லது மகளின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் ஒரு சிறு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ எப்போதும் வைத்திருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு 995, காவல்துறைக்கு 999. இந்த அட்டை கையில் இருந்தால் பிள்ளைகளும் அச்சமின்றித் தனியே அனுப்புவர்.

ஒரே தடத்தில் நான்கு திருத்தலங்கள்

தமிழ், சிங்கப்பூரின் 4 அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ரயில் நிலையங்கள் பலவற்றில் பெயர்ப்பலகையைத் தமிழிலேயே படிக்கலாம். டாலரை அங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்பர். தெரியாதவர்களும் பெரியவர்களை "அங்கிள்", "ஆன்ட்டி" என்றுதான் அழைப்பர். அது அங்கே மரியாதை.

ஊதா நிறத்தால் குறிக்கப்படும் வடகிழக்கு ரயில் தடத்தை நினைவில் கொண்டால் போதும். பொத்தோங் பாசிர் நிலையத்தில் இறங்கினால் சிவதுர்கா கோயில் அருகில். ஃபேரர் பார்க் நிலையத்துக்குப் பக்கத்தில் 1855-இல் தோன்றிய ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். அடுத்த நிலையமான லிட்டில் இந்தியாவில் இறங்கினால் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த நாட்களில் மக்கள் அடைக்கலம் புகுந்த சந்நிதி இது. அதே தடத்தில் சைனாடவுன் நிலையம் சென்றால், 1827-இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில். சிங்கப்பூரின் மிகப் பழைமையான இந்துக் கோயில் இதுவே. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்திப் பழகியவர்களுக்கு, ஆண்டுதோறும் இங்கே நடைபெறும் தீமிதித் திருவிழா ஊர் நினைவைக் கொண்டுவரும். முருகனடியார்க்கு, 1859-இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் டேங்க் சாலையில் உண்டு. நீலத் தடத்தின் ஃபோர்ட் கேனிங் நிலையம் அதற்கு அருகில்.

எல்லா ரயில் நிலையங்களிலும் மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பயண அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியில் தொட வேண்டும். பேருந்தை நிறுத்தக் கை காட்ட வேண்டும். ரயிலுக்குள் உண்பதும் குடிப்பதும் கூடாது. பிரசாதமானாலும் வீடு வந்தே உண்ண வேண்டும். அலுவலகக் கூட்டம் தணிந்தபின், காலை ஒன்பதரைக்கு மேல் கிளம்பலாம். பல கோயில்களில் பகல் 12 மணியளவில் நடை சாத்தி மாலை 6 மணியளவில்தான் திறப்பர் என்பதால் அதற்குள் தரிசனம் முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் நெரிசல் மிகுதி. மூத்தோர் வார நாட்களில் செல்வதே உகந்தது.

சாலையைக் கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வேறெங்கும் குறுக்கே கடப்பது குற்றம். எதிரே கோபுரம் தெரிகிறதே என்று இறங்கிவிடாமல், பச்சை விளக்குக்குக் காத்திருக்க வேண்டும்.

பஞ்சாங்கக் கணக்கு

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. திதி, நட்சத்திரம் முடியும் நேரத்துக்கு, ஊர்ப் பஞ்சாங்கத்தில் உள்ளதோடு இரண்டரை மணி கூட்டிக்கொண்டால் போதும். ராகு காலத்துக்கு அப்படிக் கூட்டலாகாது. அது உள்ளூர்ச் சூரியோதயத்தைப் பொறுத்தது. அங்கே ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே கதிரவன் எழுகிறான். மாலை 7 மணியை ஒட்டி மறைகிறான். ஆகவே திங்கட்கிழமை இங்கே ஏழரை முதல் 9 வரை என்று கொள்ளும் ராகு காலம், அங்கே ஏறத்தாழ எட்டரை முதல் 10 வரை. பிரதோஷ வேளையும் அவ்வாறே ஒரு மணி தள்ளி, ஐந்தரை முதல் 7 வரை அமைகிறது. அங்குள்ள கோயில்களின் நாட்காட்டி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் கணக்குப் போடும் வேலையே இல்லை.

சைவ உணவு

உணவங்காடிகளில் சாம்பல், குழம்பு முதலியவற்றில் இறால் விழுது கலந்திருப்பது இயல்பு. 'காய்கறிதான்' என்ற பதிலை மட்டும் நம்பாமல் "இறால், மீன் சாறு உண்டா?" என்று கேட்பது நல்லது. சீனரின் பௌத்த சைவக் கடைகளில் இறைச்சி வடிவில் இருப்பவையும் பெரும்பாலும் சோயாவால் ஆனவையே; பார்த்துக் கலங்க வேண்டாம். உண்டபின் தட்டைத் தாமே கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும்; 2021 செப்டம்பர் முதல் இது கண்டிப்பான விதி. காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால், அந்த இடத்தை ஒருவர் பிடித்துவைத்திருக்கிறார் என்று பொருள். குழாய்த் தண்ணீரை அப்படியே பருகலாம்.

வீட்டு வழிபாடும் காக்கைச் சோறும்

2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகையுணர் கருவி கட்டாயமாகியுள்ளது. சாம்பிராணிப் புகை மிகுந்தால் அது அலறும். சன்னலைத் திறந்துவைத்து, அளவாகப் புகை போட்டால் போதும். திருஷ்டி கழித்து வீதியில் தேங்காய் உடைப்பதும், பூசைப் பூக்களைக் கால்வாயில் விடுவதும் குப்பை போட்ட குற்றமாகும். சன்னல் விளிம்பில் பூந்தொட்டி, விளக்கு எதையும் வைக்கக் கூடாது. வெற்றிலைச் சாற்றைத் தெருவில் உமிழ்வதற்கும் அபராதம் உண்டு.

இவற்றையெல்லாம் பலர் எளிதில் ஏற்றுக்கொள்வர். மனத்தைத் தைப்பது வேறொன்று. காக்கை வாகனனாகிய சனீஸ்வரர் சுயம்புவாய் எழுந்தருளியிருக்கும் குச்சனூர், போடிக்கு அருகில் இருக்கிறது. அப்பகுதி மக்களுக்குக் காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் உண்பது பெருங்குறை. அமாவாசையன்று அது முன்னோர்க்கு இடும் உணவு. சிங்கப்பூரிலோ காக்கைக்கும் புறாவுக்கும் உணவிடுவது சட்டப்படி குற்றம். 2020-இல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் முதல் முறைக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி அபராதம் விதிக்க இடமளிக்கிறது. பாட்டி சன்னலில் வைத்த பிடிசோற்றுக்கு விளக்கம் சொல்லும் நிலை பேரனின் தந்தைக்கு வரலாம்.

அதற்காக முன்னோர் கடனைக் கைவிட வேண்டியதில்லை. வீட்டுப் பூசையறையில் இலையிட்டுப் படைத்து, பின் குடும்பத்தோடு உண்ணலாம். கோயில் அன்னதானத்துக்குத் தம் பங்கைச் செலுத்தலாம். தர்ப்பணத்துக்கான ஏற்பாடுகளைக் கோயில் அலுவலகத்தில் கேட்டறியலாம். கிளம்பும் முன், ஊரிலுள்ள தங்கையிடமோ பக்கத்து வீட்டாரிடமோ, "அமாவாசைதோறும் எங்கள் பெயரைச் சொல்லி மாடியில் ஒரு பிடி வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டால், அவர்கள் மறுக்கப்போவதில்லை.

விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. பயணச்சீட்டு எடுக்கும் முன் பிள்ளைகளைக் கொண்டு அரசுத் தளங்களில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சென்றதும், முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ரயிலேறிக் கோயிலுக்குச் சென்று, வழியை மனத்தில் பதித்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை அவர்கள் பின்னால் வரட்டும். முன்னால் பெரியவர்கள் நடக்கட்டும். மூன்றாம் முறை, செவ்வாய்க்கிழமை காலையில், அட்டையைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு தாமே கிளம்பலாம். மாரியம்மன் சந்நிதியில் நிற்கும்போது கேட்கும் மணியோசை, போடியில் கேட்ட அதே ஓசைதான்.