பேரிடருக்குப் பின் பிழைப்பு

புயலோ, வெள்ளமோ, போரோ ஒரு நாட்டைத் தாக்கும்போது முதலில் உயிரைக் காக்க வேண்டும். அடுத்துப் பசியைத் தணிக்க வேண்டும். இவ்விரண்டையும் மறுப்பார் எவருமிலர். ஆயின் மூன்றாவது கடமை ஒன்று உண்டு. இழந்த தொழிலை மக்கள் மீண்டும் கைக்கொள்ளும்படி செய்வதே அது. சோற்றுப் பொட்டலம் ஒரு வேளையைத் தாங்கும். தொழில் வாழ்நாளைத் தாங்கும். இந்த மூன்றாவது கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது, எவ்விடங்களில் அது தவறிப்போகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இதற்குத் திருகோணமலையைவிடப் பொருத்தமான பாடநூல் வேறு வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் வடகிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி, அன்றிரவே கடலைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. 2006இல் மூதூர்ப் பகுதியில் போர் மூண்டது. ஒரு காயம் ஆறுமுன் மறு காயம் பட்ட மாவட்டம் இது.

ஆழிப்பேரலையை முதலில் நோக்குவோம். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு அழிந்தன அல்லது சேதமுற்றன. அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபா வீதம் சில மாதங்கள் உதவிப்பணம் அளித்தது. உலகெங்குமிருந்து கொடைகள் குவிந்தன. கொடையாளர் பலரும் கொடுக்க விரும்பிய பொருள் படகு. காரணம் எளிது: படகு கண்ணுக்குத் தெரியும், அதன் பக்கத்தில் கொடையாளரின் பெயரை எழுதலாம், நிழற்படம் எடுக்கலாம்.

விளைவு யாது? சில கரைகளில் இழந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்தன. ஒருவருக்கு இரண்டு கிடைக்க, மற்றொருவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வலையின்றிப் படகும், இயந்திரமின்றிப் படகும் வந்தன. அவசரத்தில் கட்டப்பட்ட கண்ணாடி இழைப் படகுகள் சில, கடலுக்கு ஏற்றவையாக இருக்கவில்லை. சிறு படகுகள் பெருகினால் கரையோர மீன்வளம் குன்றும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் எச்சரித்தது. படகு பெருகியதால் மீன் பெருகிவிடாதல்லவா?

இதனினும் ஆழமான பிழை ஒன்று உண்டு. அதனை விளக்க, நகரத்து லிங்கநகரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் பிறருடைய படகிலே கூலிப் பங்குக்குக் கடலுக்குப் போகிறான். மனைவி கரையில் மீன் வாங்கி, ஒரு பகுதியைக் கருவாடாக்கி, எஞ்சியதைக் கூடையிற் சுமந்து விற்கிறாள். இவர்களுக்குச் சொந்தப் படகு இல்லை. ஆகவே படகிழந்தோர் பட்டியலில் இவர்கள் பெயர் ஏறாது. ஆனால் பிழைப்பு முற்றாகப் போயிற்று. அவளுடைய முதலீடு ஒரு கூடை, ஒரு தராசு, கையிலிருந்த சிறு தொகை. இம்மூன்றும் அலையோடு போயின. பட்டியல் எழுதும் அலுவலர் "என்ன பொருளை இழந்தீர்?" என்று கேட்டால் இவளுக்குச் சொல்ல அதிகமில்லை. "எவ்வாறு பிழைத்தீர்?" என்று கேட்டாலோ முழு உண்மையும் வெளிப்படும்.

பிழைப்பு என்பது ஒரு சங்கிலி. படகு கட்டும் ஓடாவி, வலை பின்னுவோர், எரிபொருள் விற்போர், பனிக்கட்டி ஆலை, முற்பணம் கொடுக்கும் முதலாளி, ஏலம் கூறுவோர், கருவாட்டுப் பெண்கள், பாரவண்டிக்காரர் என ஒவ்வொரு கண்ணியும் மற்றொன்றைப் பற்றியிருக்கிறது. எக்கண்ணி அறுந்தது என்று கண்டு அதனைப் பொருத்துவதே அறிவுடைமை. அறுபடாத கண்ணியின்மேல் பொன் பூசுவதால் பயனில்லை.

இதற்கு அண்மைக்காலச் சான்றொன்று கூறலாம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயிலே ஓடுபவை. புயல் அடிக்கவில்லை, அலை எழவில்லை, படகும் வலையும் பழுதின்றி இருந்தன. ஆயினும் கடலுக்குப் போனால் செலவுக்கே கட்டாது என்று பலர் கரையிலேயே நின்றனர். அறுந்தது எரிபொருள் என்னும் ஒரு கண்ணி மாத்திரமே.

இத்தகைய அனுபவங்கள் பல நாடுகளிலும் கிடைத்தமையால், பொருளாதார மீட்சிக்கான குறைந்தபட்ச நியமங்கள் என்னும் கைந்நூலைச் சீப் வலையமைப்பு என்ற நிறுவனம் 2009இல் வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2017இல் வந்தது. அதன் சாரம் இதுவே: உதவிக்கு முன் சந்தையை ஆராய்க, பிற நிறுவனங்களோடு இணைந்து செய்க, உதவியால் கேடு விளையாதிருக்கப் பார்க்க, விலகும் நாளையும் தொடக்கத்திலேயே எண்ணுக.

சந்தையை ஏன் ஆராய வேண்டும்? கடைகளில் அரிசி இருக்க, மக்கள் கையில் பணம் இல்லாதிருந்தால், பணமாகக் கொடுப்பதே மேல். அப்பணம் கடைக்காரரையும் கந்தளாய் உழவரையும் சென்று சேரும். அதை விடுத்து மாதக்கணக்கில் வெளியூர் அரிசியை இலவசமாகக் கொட்டினால் கடை மூடும். நெல் விலை வீழும். பாதை துண்டிக்கப்பட்டுச் சந்தையே இயங்காதபோதோ, பணத்தை உண்ண முடியாது. அப்போது பொருளே வேண்டும். கூலி வேலைத் திட்டத்திலும் இவ்வாறே. கூலி மிகக் குறைந்தால் வயிறு நிறையாது. மிகக் கூடினால் அறுவடைக்கு ஆள் கிடையாது.

இனி, பணமும் கருவியும் தீர்க்க இயலாத ஒன்றையும் கூற வேண்டும். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் பலர் ஆண்டுகள் பல கழித்தனர். முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் நிலம் 2015இலேதான் விடுவிக்கப்பட்டது. கடற்படை வசமிருந்த நிலத்தில் மேலும் ஒரு பகுதி 2016இல் கிடைத்தது. முகாமில் மண்வெட்டி கொடுத்தால் எங்கே கொத்துவது? வலை கொடுத்தால் எந்தக் கரையில் இழுப்பது? பத்து வயதில் ஊர்விட்ட பிள்ளை பத்தொன்பது வயதில் திரும்பும்போது, தந்தையோடு வயலிலும் கடலிலும் நின்று கற்றிருக்க வேண்டிய தொழிலறிவு அவனிடம் இராது. நிலமும் கரையும் திரும்பாதவரை எத்திட்டமும் தற்காலிகத் தாங்குகோலே. தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தலைமுறையின் கைத்திறனை உண்டுவிடுகிறது.

நேயர்களே, இவ்வுண்மைகள் அலுவலருக்கு மாத்திரம் உரியனவல்ல. நாளை ஒரு நிறுவனம் உங்கள் ஊருக்கு வந்து உதவுவதாகக் கூறினால், சங்கத்திலும் கூட்டத்திலும் மூன்று வினாக்களைத் துணிந்து கேளுங்கள். எங்கள் பிழைப்பில் அறுந்த கண்ணி எதுவென்று எங்களிடம் கேட்டீர்களா? படகில்லாத கூலியாளும் கூடை சுமக்கும் பெண்ணும் உங்கள் பட்டியலில் உளரா? நீங்கள் போன பின்பு இத்தொழில் தானே நிற்குமா? இவற்றுக்கு விடை கூறும் உதவியே ஊரை நிமிர்த்தும். விடையில்லா உதவியையும் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி முதலாளியிடம் கடன் வாங்காதீர்கள்.