விலை கொடுத்தவர்கள் – 6: பிரான்ஸிஸ்கா கட்டிய பங்கு

சென்ற வாரம் பார்த்த இறையியலாளர் போன்ஹோஃபர், பெர்லினின் டெகல் சிறைக்கு வந்தது 1943 ஏப்ரலில். அடுத்த மாதமே அதே சிறைக்கு இன்னொரு கைதி வந்தார். இவர் இறையியல் படித்தவர் அல்ல. ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரின் விவசாயி. ஊர்த் தேவாலயத்தில் கோவில்பிள்ளை. பெயர் பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டர்.

ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்ததற்கு 1938 ஏப்ரலில் நாஜிகள் மக்களிடம் ஒப்புதல் வாக்கு கேட்டார்கள். ஊரிலேயே எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவர்தான். ஆனாலும் 1940இல் ராணுவம் அழைத்தபோது போனார், பயிற்சியும் பெற்றார். திருச்சபை நசுக்கப்படுவதைப் பார்த்தார். மனநோயாளிகளை அரசே கொல்வதாகக் கேள்விப்பட்டார். விவசாயி என்று விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியவர், இந்த ஆட்சிக்காக இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

லின்ஸ் ஆயரைப் போய்ப் பார்த்தார். ஆட்சியாளர் செய்வதற்குத் தனிமனிதன் அந்த அளவுக்குப் பொறுப்பாளி அல்ல, உனக்குக் குடும்பப் பொறுப்புதான் பெரிது என்பது ஆயர் சொன்னதன் சாரம். ஆயரைக் கோழை என்று தள்ளிவிட முடியாது. மூன்று பெண் குழந்தைகளின் தகப்பனிடம் நம்மில் பலரும் அதையேதான் சொல்லியிருப்போம்.

ஆனால் லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு கை வைப்பது சரியாக இந்த இடத்தில்தான். பெற்றோர், மனைவி, மக்கள் எல்லாருக்கும் மேலாகத் தன்னை வைக்காதவன் தன் சீடனாக முடியாது என்கிறார். கையோடு, கோபுரம் கட்டுகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்றும் கேட்கிறார். இதைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் சீடன் இழப்பதை மட்டுமே எண்ணுகிறார்கள். அவனோடு சேர்ந்து இழப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

1943 மார்ச் 1 அன்று என்ஸ் முகாமுக்குப் போன பிரான்ஸ், போரிட மறுத்தார். காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்யும் பிரிவில் வேலை செய்யத் தயார் என்றதும் எடுபடவில்லை. ஜூலை 6இல் மரண தண்டனை விதித்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டது. அவருக்கு வயது 36.

மனைவி பிரான்ஸிஸ்காவின் கணக்கு அன்றுதான் தொடங்கியது. மூத்த மகளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. நிலத்தையும் மாடுகளையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது. புருஷன் மனதை மாற்றியிருக்க வேண்டியவள் இவள்தானே என்று ஊர் அவரையே குறை சொன்னது. போர் விதவைகளுக்கான உதவித்தொகை 1950 வரை கிடைக்கவில்லை.

கணவரின் பிடிவாதத்தில் சிக்கிய அப்பாவி என்று அவரை நினைத்துவிடக் கூடாது. முதலில் அவரும் தடுத்துப் பார்த்தார். உறவும் ஊரும் குருக்களும் ஒரே பக்கம் நின்று கணவரை நெருக்கியபோது, தானும் விட்டுவிட்டால் அவருக்கு ஒருவரும் இல்லை என்று உணர்ந்து உடன் நின்றார். இந்தச் சிலுவை அவர்மேல் விழுந்ததல்ல. அவரே தோள் கொடுத்தது.

2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபோது, 94 வயது பிரான்ஸிஸ்காவும் அங்கே இருந்தார். பட்டம் ஒருவருக்குத்தான். ஆனால் அந்த வீட்டில் சீடர்கள் இருவர். ஒருவர் சில மாதங்களில் கொடுத்து முடித்த விலையை மற்றவர் பல ஆண்டுகள் தவணையாகக் கட்டினார். குடும்பத்தைக் காட்டி ஆயர் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லும் உரிமை பிரான்ஸிஸ்காவுக்கும் இருந்தது. அவர் சொன்ன விடையைச் சேர்க்காமல் பிரான்ஸின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

அடுத்த வாரம் திருவிதாங்கூருக்குப் போவோம். அங்கேயும் ஒரு தம்பதி: தேவசகாயம், ஞானப்பூ.

(தொடரும்)