சொல்லும் மெட்டும் – 9: திருப்பாவையின் இன்னொரு பெயர்

லண்டனின் ஸ்குவீஸ் குழுவோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1973-இல் ஒரு கடையின் ஜன்னலில் கிறிஸ் டிஃபோர்ட் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் க்ளென் டில்புரூக். டிஃபோர்ட் பாட்டு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவார். டில்புரூக் தனியே உட்கார்ந்து மெட்டமைப்பார். 1979-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிய அவர்களுடைய 'அப் தி ஜங்ஷன்' பாட்டுக்குப் பல்லவியே கிடையாது. ஒரு குடும்பத்தின் கதை அடியடியாக நகர்ந்துகொண்டே போய், தலைப்பில் உள்ள சொல் கடைசியில்தான் வந்து விழுகிறது. நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல் அதற்குள் போய் உட்காரும். ஸ்குவீஸில் சொல் மூத்தது, மெட்டு இளையது. ஆனாலும் தட்டில் அச்சான பெயர் எப்போதும் இரண்டு. பிரிந்திருந்த வருடங்களில் இருவரும் தனித்தனியே பாட்டுகள் கொடுக்கத்தான் செய்தார்கள். அந்தப் பழைய உயரத்தை அவை எட்டவில்லை.

பல்லவி இல்லாத, பேர்சொல்லும் சொல் கடைசியில் வருகிற பாட்டு நமக்குப் புதிதல்ல. திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் அப்படித்தான்: எட்டடி, முடிவில் 'எம்பாவாய்'. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் நந்தவனத்தில் வளர்ந்த ஆண்டாள் எழுதியது திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்கள். தந்தையும் மகளுமாக ஒரே வீட்டில் இரண்டு பாட்டாசிரியர்கள் இருந்த ஊர் அது. ஆனால் மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், பக்கத்து ராஜபாளையத்திலும், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை எழும்போது நம் காதில் விழுவது ஆண்டாள் மட்டுமா? இல்லை என்பதே என் கட்சி. பல வீடுகளில் பழகிப்போன அந்த இசை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அமைத்தது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல்களில் முதன்மையானது எம்.எல். வசந்தகுமாரியுடையது. இன்று நாம் கேட்கும் திருப்பாவைக்கு அரியக்குடியையும் ஒரு கர்த்தாவாகச் சொல்லவேண்டும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. பாட்டிலேயே சந்தம் இருக்கிறதே, யார் பாடினாலும் அது தன் மெட்டைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும், இசையமைத்தவர் சட்டை தைத்த தையல்காரர் மட்டுமே என்பார்கள். அப்படியானால் கணக்கு உதைக்கிறது. முப்பது பாசுரமும் ஒரே யாப்பு, கொச்சகக் கலிப்பா. சந்தம்தான் ராகத்தைத் தீர்மானிக்கும் என்றால் முப்பதும் ஒரே வார்ப்பில் வந்திருக்கவேண்டும். கோயில் சந்நிதியில் கோஷ்டியாகச் சேவிக்கும்போது ஏறக்குறைய அப்படித்தான் வருகிறது. அரியக்குடியிடம் வந்தபோது முதல் பாசுரம் நாட்டையானது, இரண்டாவது கௌளை, மூன்றாவது ஆரபி, நான்காவது வராளி, ஐந்தாவது ஸ்ரீ. சங்கீதம் தெரிந்தவர் இந்த வரிசையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்: தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகள் இருக்கும் கனராகங்கள் ஐந்தும் அதே வரிசையில். யாப்பு இப்படி ஒரு யோசனையைச் சொல்லித் தராது. திருவையாற்றின் வாசல் வழியாக வில்லிபுத்தூருக்குள் போகவேண்டும் என்று ஒரு மனிதர் எடுத்த முடிவு அது. ஆறாம் பாசுரத்துக்குச் சங்கராபரணம், ஏழாவதுக்குப் பைரவி என்று பிறகு அவர் விட்டு விடுதலையாகிவிடுகிறார். தையல்காரர் துணியை இவ்வளவு யோசித்து வெட்டுவதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. பழைய இசை இருக்கும்போது புதியவருக்கு என்ன உரிமை? நாதமுனிகள் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்து, மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்ற தம் மருமக்கள் இருவருக்கும் இசையோடு கற்பித்தார் என்கிறது குருபரம்பரை. அந்த வழியில் வந்ததாகச் சொல்லப்படும் அரையர் சேவை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் நடக்கிறது. கூம்புக் குல்லாய், கையில் தாளம், பாட்டு, அபிநயம், வியாக்யானம் எல்லாம் சேர்ந்த கலை அது. உலகில் எந்த இசைக்குழுவின் ஆயுளும் அதற்கு முன்னால் நிற்காது. ஸ்குவீஸ் 1974-இல் தொடங்கி 1982-இலேயே ஒரு முறை கலைந்துவிட்டது. அரையர்களின் இடத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கலை சந்நிதிக்குள், குறித்த நாள்களில், பரம்பரை உரிமையோடு நிற்கிறது. தெருவுக்கு வந்தது வேறு மெட்டு. ஏடுகளிலும் பதிப்புகளிலும் பண்ணின் பெயர் இருக்கலாம். பெயர் மெட்டு ஆகிவிடாது. எழுத்து ஓலையில் தங்கியது. ராகம் தொண்டையில் மட்டுமே தங்கியது, தொண்டை மாறும்போது தானும் கொஞ்சம் மாறியது. நாதமுனிகளின் மருமக்களுக்குப் பெயராவது மிஞ்சியது. நம் காலத்தில் ஒலிநாடாவும் அச்சும் இருந்தும் அரியக்குடி பெயர் பல உறைகளில் இல்லாமல் போவதற்கு ஓலையைக் குறை சொல்ல முடியாது.

ஆண்டாளுக்குச் சமமாக ஒரு வித்வானை உட்கார வைப்பதா என்று கோபப்படுபவர்களும் இருப்பார்கள். நான் இங்கே தராசைத் தூக்கவில்லை. பாட்டு எப்படி ஊர் தாண்டுகிறது என்று மட்டும் பார்க்கிறேன். ராஜபாளையத்தின் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்கில் காவியமாக எழுதினார். சொல்லை அப்படி மொழி மாற்றித்தான் கொண்டுபோக முடிந்தது. மெட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. தியாகராஜரின் ஆரபியைக் கேட்டுப் பழகிய காது, மூன்றாம் பாசுரத்தைத் தமிழில் கேட்டாலும் தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல நுழைந்துவிடும். அரியக்குடி செய்த காரியம் இது. டில்புரூக்குக்கு லண்டனில் கிடைத்த பாதிப் பங்கை அவருக்குக் கேட்கவில்லை. உறையில் ஒரு வரி போதும்.

வரும் மார்கழியில் முதல் ஐந்து நாளும் காது கொடுத்துக் கேளுங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. பிறகு திருவையாற்று ஆராதனையில் காவிரிக் கரையிலிருந்து பஞ்சரத்னம் ஒலிபரப்பாகும். அங்கேயும் அதே ஐந்து, அதே வரிசை.