எஞ்சினை இறக்கும் முன் எழுதி வாங்குங்கள்

கோவையில் பழைய கார் வைத்திருப்பவருக்குக் கைவேலைக்குப் பஞ்சமில்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத் பட்டறை இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தே தலைமுறை கண்டவர்கள் உண்டு. அதனால் பிரீமியர் பத்மினியோ, அம்பாசடரோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்துக்கொண்டு முதன்முறையாக எஞ்சின் வேலைக்கு இறங்குபவர், நல்ல மெக்கானிக் அமைந்தால் போதும் என்று நினைக்கிறார். போதாது. வேலைக்கு முன் எஞ்சின் என்ன நிலையில் இருந்தது, என்ன செய்வதாகப் பேச்சு, கடைசியில் என்ன செய்தார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்து வேண்டும். அது இல்லாதபோது, வேலை கெட்டால் யார் பொறுப்பு என்பதை நிரூபிக்க வழியே இருக்காது. எஞ்சினைக் காப்பாற்றுவதும் உரிமையைக் காப்பாற்றுவதும் அந்த ஒரே எழுத்துதான்.

முதல் கேள்வி, எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா என்பது. ‘ஆயில் குடிக்குது, ரிங் போச்சுங்க’ என்ற ஒரு வரியை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அழுத்தம் ஏறினால், தேய்மானம் ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். வால்வு வேலைக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், முழு எஞ்சினை இறக்கும் செலவு மிச்சம். இறக்கியே தீர வேண்டும் என்றால் அடுத்து வேண்டியது அளவுச் சீட்டு. ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கு 24 அளவுகள். பத்மினிக்குக் கம்பெனி போர் 68 மி.மீ. அதிலிருந்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கிராங்க் ஏற்கெனவே எத்தனை முறை கிரைண்டிங் கண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் ஹோனிங் போதுமா, ஓவர்சைஸ் போர் வேண்டுமா, ஸ்லீவ் போட வேண்டுமா என்று முடிவு செய்யலாம். பழைய வண்டிக்கு எல்லா ஓவர்சைஸிலும் பிஸ்டன் கிடைப்பதில்லை. ஆகவே பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே பிளாக் போருக்குப் போக வேண்டும்.

எஸ்டிமேட்டில் இன்றைய பெட்ரோலுக்கும் இடம் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுவதும் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தை நம்பியிருந்த பழைய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் சீக்கிரம் தேயும். ஹெட் வெளியே வந்திருக்கும்போதே கடினமான சீட் போட்டுவிடுவது சிக்கனம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் ஆகியவற்றை அது கெடுக்கக்கூடும். இவற்றையெல்லாம் முதலிலேயே வரிவரியாக எழுதாவிட்டால், ‘அது தனி வேலைங்க’ என்ற பேச்சு பாதி வழியில் வரும்.

சட்டம் இங்கே வாடிக்கையாளர் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி காசு வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு ஒரு சேவை. ஒப்புக்கொண்ட தரத்தில் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அதே சட்டம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு பட்டறையும் சாதாரண ரசீது தரலாம், அதுவும் ஆதாரம்தான். ஒரு எச்சரிக்கை: கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் வண்டி என்றால், வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலாகப் பிழைப்புக்காக ஓட்டுபவருக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு உண்டு.

‘வருஷக் கணக்கில் பழகிய மெக்கானிக்கிடம் எழுதிக் கேட்டால் சங்கடப்படுவாரே’ என்பது நியாயமான தயக்கம். ஆனால் எழுத்து அவருக்கும் காவல். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவின்படி, பேசிய வேலையைச் செய்து முடித்தவர் கூலி வரும்வரை வண்டியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். எது பேசிய வேலை என்பதற்குச் சீட்டு இருந்தால் அவர் கூலிக்கு வம்பு வராது, உங்கள் வண்டியும் முடங்காது. பட்டறையில் நிற்கும் வண்டியைத் தன் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையையும் அதே சட்டம் அவர்மேல் வைக்கிறது. பழைய வண்டிக்கு யார் கேரண்டி தருவார் என்பதற்கும் விடை உண்டு: உதிரிப் பாகத்துக்கும் கைவேலைக்கும் பொறுப்பைப் பிரித்து எழுதுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த பிஸ்டனுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். போர் அளவுக்கும் போல்ட் இறுக்கத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

‘இத்தனை பாடு எதற்கு, வேறொரு எஞ்சினை வாங்கி ஏற்றிவிடலாமே’ என்பது இன்னொரு யோசனை. மலிவாகத் தோன்றும் இந்த வழியில்தான் ஆபத்து அதிகம். எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, முன் ஒப்புதல் இல்லாமல் எஞ்சினை மாற்றியவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாங்கிய எஞ்சின் திருட்டு வண்டியுடையது என்றால் காவல் நிலையம் வரை போக வேண்டிவரும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும் கைநழுவலாம். ‘வி.ஏ.’ எழுத்து கொண்ட அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது என்பது விதி. எனவே பழைய பிளாக்கையே காப்பாற்றுங்கள். பிளாக்கின் முகத்தைச் சீவும்போதும் பெயின்ட் அடிக்கும்போதும் எண் அழிய வாய்ப்புண்டு. இறக்கும் முன்னரே எண்ணைப் படம் எடுத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

‘கேஸ் போட்டால் யார் அலைவது?’ என்று கேட்பவர்கள், தொடங்குவது எவ்வளவு எளிது என்று அறிவதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், சமரசத்துக்கும் வழி உண்டு. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். நாள் பிடிக்கும் என்பது உண்மைதான்; ஆனால் கையில் சீட்டுகளோடு எழுத்தில் நோட்டீஸ் போனாலே பேச்சுவார்த்தைக்கு வர பட்டறைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. வேலை கெட்டுவிட்டால் கோபத்தில் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய் எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள், ஆதாரம் அங்கேயே கலைந்துவிடும். முதல் பட்டறைக்கு எழுத்தில் தெரிவித்து, ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரின் அறிக்கை வாங்கி, பிரிப்பதை வீடியோ எடுத்து, கழற்றிய பாகங்களை மூட்டை கட்டி வையுங்கள். கம்ப்ரஷன் அளவு, போர் அளவுச் சீட்டு, வரிவாரியான எஸ்டிமேட், எஞ்சின் எண்ணின் அச்சு, பில் ஆகிய ஐந்தும் ஒரு ஃபைலில் சேரும் என்ற ஏற்பாடு இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.