கூடின விலைக்கு வாங்கி, குறைந்த விலைக்கு விற்பவர்

அமெரிக்காவில் மாட்டிறைச்சி பெரும்பாலும் மூன்று கை மாறித்தான் கடைக்கு வருகிறது. மேய்ச்சல் நிலத்தில் பசு வளர்த்துக் கன்று எடுப்பவர் முதல் ஆள். அந்தக் கன்றை வாங்கித் தீவனம் போட்டுக் கொழுக்க வைப்பவர் இரண்டாம் ஆள். அதை அறுத்து இறைச்சியாக்கும் ஆலைக்காரர் மூன்றாம் ஆள். நடுவில் இருப்பவர் நடத்தும் இடத்துக்கு ஃபீட்லாட் என்று பெயர். வேலி அடைத்த திறந்தவெளிப் பட்டிகளும், அவற்றின் ஓரத்தில் நீளமான கான்கிரீட் தீவனத் தொட்டியும்தான் அங்கே முக்கியம்.

நெப்ராஸ்கா, கான்சஸ், டெக்சாஸ், கொலராடோ மாநிலங்களில் இத்தொழில் குவிந்திருக்கக் காரணம் தீவனம். நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் அமோகமாக விளைகிறது. எத்தனால் ஆலைகளில் சோளத்தை நொதிக்க வைத்து வடித்தபின் மிஞ்சும் சக்கையும் அருகிலேயே கிடைக்கிறது. தீவனத்தை மாட்டிடம் கொண்டுபோவதைவிட மாட்டைத் தீவனத்திடம் ஓட்டி வருவது மலிவு. 1956 முதல் சில ஆண்டுகள் நெப்ராஸ்காவின் வாகன எண் பலகைகளிலேயே ‘மாட்டிறைச்சி மாநிலம்’ என்று பொறித்திருந்தார்கள்.

இந்தத் தொழிலின் கணக்கு விசித்திரமானது. பட்டிக்காரர் 340 கிலோ எடையில் ஒரு காயடித்த காளைக்கன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து 640 கிலோவில் விற்கிறார். எடை குறைந்த கன்றுக்குக் கிலோ விலை பொதுவாக அதிகம். கொழுத்த மாட்டுக்குக் குறைவு. அதாவது, வாங்கிய 340 கிலோவில் அவருக்கு நஷ்டம்தான். லாபம் வருவதானால் புதிதாக ஏறிய 300 கிலோவிலிருந்துதான் வரவேண்டும். ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய ஆறு கிலோ உலர் தீவனம் தேவை. ஆக, ஒரு மாட்டுக்கு 1,800 கிலோ. சோளத்தின் விலை சற்றே ஏறினாலும் லாபம் காணாமல் போய்விடும்.

தீவனத்தை அள்ளிக் கொட்டினால் மாடு சீக்கிரம் கொழுக்காதா? கொழுக்காது, செத்தும் போகலாம். மாட்டின் முதல் இரைப்பை புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழும் பெரிய தொட்டி. அங்கே மாவுச்சத்து திடீரென்று போய்ச் சேர்ந்தால் அமிலம் பெருகிச் செரிமானமே நின்றுவிடும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாய்ப் பொங்கலை அளவில்லாமல் ஊட்டி, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோமே, அதே நோய். அதனால் புதிதாக வந்த கன்றுக்கு முதலில் வைக்கோலும் உலர்புல்லும் அதிகம் கொடுத்து, மூன்று வாரம் போலப் படிப்படியாகச் சோளத்தைக் கூட்டுகிறார்கள்.

இந்த நிதானத்தைக் காப்பதுதான் பட்டிக்காரரின் தினசரி வேலை. காலையில் தீவன லாரி கிளம்புமுன் அவரோ மகனோ வண்டியை மெல்ல ஓட்டி ஒவ்வொரு தொட்டியாகப் பார்க்கிறார்கள். தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கு மதிப்பெண் முறையே வகுத்திருக்கிறது. தொட்டி வழவழவென்று நக்கப்பட்டிருந்தால் பூஜ்யம். ஒரு சோள மணி உயரத்துக்குத் தீவனம் பரவிக் கிடந்தால் ஒன்று. போட்டது போட்டபடி இருந்தால் நான்கு. பூஜ்யம் தொடர்ந்தால் மாடு பசித்திருக்கிறது. ஆனாலும் தீவனத்தைக் கொஞ்சம்தான் கூட்டுவார்கள். பசித்த மாடு ஒரேயடியாக விழுங்கினால் மறுபடி அமிலத் தொல்லை. தொட்டியில் மிச்சம் கிடந்தால் நோயோ, வரப்போகும் புயலோ, கெட்டுப்போன தீவனமோ என்று காரணம் தேட வேண்டும். குதிரையில் பட்டிக்குள் சுற்றுபவர்கள் காது தொங்கி, விலாப்பக்கம் ஒட்டி, கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் மாட்டைப் பிரித்துச் சிகிச்சைக்கு ஓட்டுகிறார்கள். லாரிப் பயணத்தில் களைத்து வந்த கன்றுகளை அதிகம் தாக்குவது நுரையீரல் நோய். சாணம் சோள வயலுக்கு எருவாகிறது. மழையில் அடித்துவரும் கழிவுநீர் ஓடையில் கலக்காமல் குட்டையில் தேக்கியாக வேண்டும்.

இது பெரும்பாலும் குடும்பத் தொழில். கொலராடோவின் கிரீலியில் வாரன் மான்ஃபோர்ட் 1930இல் 18 மாடுகளுடன் தொடங்கினார்; மகன் கென்னத் காலத்தில் அது ஒரு லட்சம் மாடுகள் நிற்கும் பட்டியாகி, சொந்த இறைச்சி ஆலையும் கண்டு, 1987இல் கோனாக்ரா நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. இன்றும் எண்ணிக்கையில் பெரும்பான்மை, ஆயிரம் மாடுகூட நிற்காத சின்னப் பட்டிகள்தான். ஆனால் சந்தைக்கு வரும் கொழுத்த மாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் அதைவிடப் பெரிய பட்டிகளிலிருந்து வருகின்றன.

சின்னவரை அழுத்துவது விலை. கொழுத்த மாடுகளில் சுமார் 85 விழுக்காட்டை நான்கே நிறுவனங்கள் வாங்குகின்றன. 2019 ஆகஸ்டில் கான்சஸின் ஹோல்கம் ஊரில் பெரிய ஆலை ஒன்று தீப்பிடித்தபோது உயிர்மாட்டின் விலை சரிந்தது. இறைச்சி விலையோ ஏறியது. இத்தகைய அடியைத் தாங்க சிகாகோ சந்தையில் 1964இல் தொடங்கிய உயிர்மாட்டு முன்பேர வணிகம் உதவுகிறது: விற்கப்போகும் விலையை மாதக்கணக்கில் முன்பே பூட்டி வைக்கலாம். கன்று விலையும் அவரை அழுத்துகிறது; கன்றுகள் குறையக் குறைய விலை ஏறும். வறட்சியில் மந்தைகள் சுருங்கி, 2024 தொடக்கத்தில் நாட்டின் மாடுகள் 8.72 கோடியாகக் குறைந்தன. அப்போது, 1951க்குப் பின் அதுவே மிகக் குறைவாக இருந்தது.

கன்று விலையும் சோள விலையும் விற்பனை விலையும் பட்டிக்காரர் கையில் இல்லை. தொட்டி மட்டுமே அவர் கையில் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த குடும்பங்கள்தான் இத்தொழிலில் தலைமுறை தாண்டி நிற்கின்றன.